மோனிஷாவின் தலைக்கு வந்த திருத்தங்கள்

தொடர்களுக்குக் கதை எழுதும் தொழிலில் எழுதுவது கொஞ்சம்தான், எழுதியதைத் திருத்துவதுதான் முழுநேரப் பிழைப்பு. வீட்டுச் சுவருக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வந்து போன சொந்தக்காரர்களின் அபிப்பிராயத்தை எல்லாம் கேட்டுக் கடைசியில் யாருக்குமே பிடிக்காத நிறத்தை அடித்துக்கொண்டவர்கள், கல்யாணப் பத்திரிகையை அச்சுக்கு அனுப்பும் முன் பெரியப்பாவிடம் காட்டி மாட்டிக்கொண்டவர்கள், ஆபீசில் ஒரு கடிதம் வரைந்து மேலே அனுப்பி, திரும்பி வந்ததில் தேதியைத் தவிர மற்றதெல்லாம் மாறியிருக்கப் பார்த்தவர்கள், எல்லாரும் கொஞ்சம் அருகே வந்து உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

நான் திருத்தணிக்காரி. வீடு மலையடிவாரத்தில். யார் யாரோ யோசித்த தொடர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், முதல் முறையாகச் சொந்தமாக ஒரு கதை யோசித்தேன். கூட்டு சேர்ந்தவர் பாவா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர் தாமோதரன். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்து மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் படம் பிடிக்கிறவர். டைரக்டராக வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். கதை இதுதான்: பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண், அப்பாவுக்கு உடம்பு தேறினால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, அதன்படி மலையில் முடி இறக்கிவிட்டு, மறுநாள் மொட்டைத் தலையோடு புதுப் பள்ளிக்குப் போகிறாள். த்ரோபால் அணிக்குத் தலைவியாக வேண்டும் என்பது அவள் ஆசை. பதின்வயதுப் பிள்ளைகள் செல்போனில் பார்ப்பதற்கென்று தொடர் எடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்று கதையைக் கேட்டது. அவர்கள்தான் எங்கள் கிளையன்ட்.

நாயகியைப் பாவாவே மலைமேல் கண்டுபிடித்தார். கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த மோனிஷா. அவளும் பிளஸ் ஒன்தான். டிராக்டரிலிருந்து விழுந்த அப்பா எழுந்து நடந்ததற்காக நிஜமாகவே முடி இறக்க வந்திருந்தாள். மொட்டை போட்ட கையோடு, படம் பிடித்துக்கொண்டிருந்த பாவாவிடம் வந்து, வெயில் தன் மண்டையில் பட்டு எதிரொளிக்கிறது, இந்தப் பக்கம் வந்து எடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பாவா அங்கேயே, "நீதாம்மா ஹீரோயின்" என்று சொல்லிவிட்டார். மாலைக்குள் கண்டிகை டவுன் பஸ்ஸில் டிரைவர் வரை செய்தி போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். எத்தனை திருத்தம் வந்தாலும், கடைசியில் இந்தப் பெண் அந்தக் கதைக்குள் மிச்சம் இருக்க வேண்டும்.

ஷாக் ஆகாத வகுப்பு

கதையோடு ஒரு சாம்பிள் காட்சியும் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. தெரிந்தவரின் டியூஷன் சென்டரில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, அங்கே படிக்கும் பிள்ளைகளையே உட்கார வைத்தோம். மோனிஷா மொட்டைத் தலையோடு உள்ளே வர வேண்டும். 'வகுப்பே அதிர்ந்துபோகிறது' என்று நான் எழுதியிருந்தேன். மோனிஷா வந்தாள். வகுப்பு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அரட்டையைத் தொடர்ந்தது.

மறுபடி எடுத்தோம். அதிர்ச்சி என்றால் என்ன என்று நான் முழியைப் பிதுக்கி நடித்துக் காட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளைப் பார்த்து ஒன்றும் இல்லை. பாவா தந்திரமாகக் கேமரா ஸ்டாண்டைத் தடாலென்று கீழே தள்ளிவிட்டார். பிரமாதமான அதிர்ச்சி கிடைத்தது, ஆனால் அத்தனை முகமும் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஸ்டாண்டும் உடைந்துபோனது. ஏன் கண்ணு ஒருத்தருக்கும் ஷாக் வரவில்லை என்று முன்வரிசைப் பெண்ணிடம் கெஞ்சலாகக் கேட்டேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "போன வாரம்தான்க்கா எங்க வூட்ல எல்லாருக்கும் மொட்டை. எங்க நைனா, எங்கம்மா, தம்பி, கைக்கொழந்த. இதுக்கெல்லாம் ஷாக் ஆவறதுன்னா, நாங்க வூட்டுக்குள்ளயே போவ முடியாதுக்கா."

ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன்

கம்பெனியில் எங்கள் கதையைப் பார்த்துக்கொண்டவர் மேகனா மேடம். வயதில் என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷி, ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. வீடியோ காலில் முதல் ஃபீட்பேக் சொல்ல வந்தபோது, நானும் பாவாவும் ஸ்டூடியோவில் கல்யாண ஜோடிகளை உட்கார வைக்கும் சிவப்பு சோபாவில் உட்கார்ந்திருந்தோம். மேடம் கதையைப் புகழ்ந்தார். மண் வாசனை என்றார். சாம்பிளில் நடித்த பெண்ணின் கண்ணில் நெருப்பு இருக்கிறது என்றார். பாவா சோபாவிலேயே இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டார். நான்தான் குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் புகழ்ச்சி எவ்வளவு நீளமோ, பின்னால் வருவதும் அவ்வளவு நீளம்.

கடைசியில் அந்த வார்த்தை வந்தது. 'ஒரே ஒரு சின்ன' என்று யாராவது ஆரம்பித்தால், நண்பர்களே, கையில் இருக்கும் காபியைக் கீழே வைத்துவிடுங்கள். மேடம் சிரித்த முகத்தோடு சொன்னார். "எல்லாமே அப்படியே இருக்கட்டும் ஜெயந்தி, எதையும் தொட வேண்டாம். ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன், அந்தப் பொண்ணுக்கு முடி மட்டும் இருக்கட்டுமே."

நுரை

காரணம் அடுத்த வீடியோ காலில் தெரிந்தது. தொடருக்கு விளம்பரம் தர முன்வந்திருந்தது ஒரு ஷாம்பு கம்பெனி. அவர்கள் தரப்பில் ஓர் இளைஞர் பேசினார். அவ்வளவு மரியாதையான ஆளை நான் பார்த்ததில்லை. மொட்டை போடுவது எவ்வளவு புனிதமான விஷயம், தன் அம்மாகூடத் தனக்கு இங்கேதான் முதல் மொட்டை போட்டார் என்றெல்லாம் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது. மொட்டைத் தலையையும் ஷாம்பு போட்டுத்தானே கழுவ வேண்டும் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லன்னு சொல்லல மேடம். ஆனா நுரைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது நிக்கறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே நிக்கும்."

மொட்டையை யாருக்குக் கொடுப்பது

திருத்த உட்கார்ந்தேன். நாயகிக்கு முடி கொடுத்தாயிற்று, ஆனால் மொட்டை இல்லாமல் கதை இல்லை. சரி என்று மொட்டையை நாயகியின் தோழிக்குக் கொடுத்தேன். தோழி நாயகியைவிட நன்றாக இருக்கிறாள், குறைக்கவும் என்று பதில் வந்தது. நாயகியோடு படிக்கும் பையனுக்குக் கொடுத்தேன். மொட்டை போட்டால் வில்லன் மாதிரித் தெரிவான் என்றார்கள். அப்பாவுக்கே கொடுத்துவிட்டேன். அப்பாவின் மொட்டையைப் பதின்வயதுப் பிள்ளைகள் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள், அதில் நியாயம் இருந்தது. எல்லாமே நாயகி காணும் கனவு என்று மாற்றினேன். ரொம்பப் பிடித்துவிட்டது, ஆனால் கனவைச் சுருக்கச் சொன்னார்கள். சுருக்கிச் சுருக்கி, கடைசியில் மொட்டை த்ரோபால் மாஸ்டரின் தலையில் போய் உட்கார்ந்தது, அவருக்கோ கதையில் வசனமே கிடையாது.

இதற்கிடையில் கண்டிகையிலிருந்து மோனிஷா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டூடியோவுக்கு வந்து, ஷூட்டிங் எப்போது என்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் தலையில் மெல்லக் கறுப்புத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகு எனக்கு எரிச்சலாக வரும், யார் மீது என்று தெரியாத எரிச்சல். பாவா மட்டும் அசரவில்லை. "வுடு ஜெயா. இன்னும் ரெண்டு ரவுண்டு போவட்டும், மொட்டை சுத்திகினு வந்து அந்த மேகனா மேடம் தலையிலயே நிக்குதா இல்லையா பாரு."

விக்

மோனிஷாவையும் விட முடியாது, தலையில் முடியும் வேண்டும் என்றால் வழி ஒன்றுதான், விக். பாவா சென்னைக்குப் போய், நாடகத்துக்கு வாடகைக்கு விடும் இடத்தில் இடுப்பு வரை தொங்குகிற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிஜ முடியாம். மோனிஷா மாட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது, அவள் நின்றுகொண்டிருந்த வரைக்கும். ஒரு த்ரோபால் காட்சி எடுத்துப் பார்க்கலாம் என்று மைதானத்துக்குப் போனோம். பந்தைப் பிடிக்க அவள் குதித்தாள், அவள் இறங்கிவிட்டாள், விக் கொஞ்சம் தாமதித்து இறங்கியது. எதிர் அணிப் பெண் பந்தை விட்டுவிட்டு விக்கைப் பிடித்தாள்.

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். மோனிஷாவின் அம்மா அலமேலு களையெடுத்துவிட்டு, மகளைக் கூட்டிப்போக நேராக மைதானத்துக்கு வந்தவர், விக்கைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். இது நிஜ முடியா, யாருடையது என்று கேட்டார். கோயில்களில் இறக்குகிற முடியை ஏலம் எடுத்துத்தான் இதெல்லாம் செய்கிறார்கள் என்று பாவா பெருமையாக விளக்கினார், விளக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே புரிந்துவிட்டது. அலமேலு விக்கைக் கைக்குழந்தையைத் திருப்பிக் கொடுப்பது போல ரொம்ப மரியாதையாக என் கையில் வைத்தார். "நாங்க எங்க முடிய சாமிக்குக் குடுத்துட்டோம்க்கா. இப்ப வேற யாரோ சாமிக்குக் குடுத்தத எடுத்து எம்பொண்ணு மாட்டிகினா, மேல இருக்கறவரு யாரு குடுத்தாங்கோ யாரு எடுத்தாங்கோன்னு கொழம்பிடுவாரு இல்ல?"

கிராமம் என்றால் மதுரை

அடுத்த சுற்றில் தலையை விட்டுவிட்டு வாய்க்கு வந்தார்கள். ஏன் எல்லாரும் சென்னைக் குப்பத்து ஆட்கள் மாதிரிப் பேசுகிறார்கள் என்று கேள்வி. இது திருத்தணிப் பேச்சு மேடம், எங்கள் பக்கம் ஆர்.கே.பேட்டை வரைக்கும் இப்படித்தான், வந்துகினு போய்கினு என்றுதான் பேசுவோம், அந்தப் பக்கம் தாண்டினால் தெலுங்கு என்று விளக்கி எழுதினேன். அப்பாவை 'நைனா' என்று ஒரு சின்னப் பெண் கூப்பிட்டால் ரவுடியைக் கூப்பிடுவது போல இருக்கிறதாம். கிராமத்துக் கதை என்றால் பார்ப்பவர்களுக்கு மதுரைப் பேச்சுதான் பழக்கம், அப்படி மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நான் மதுரைக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, சாப்பிட்டதும் ரயில் ஏறிவிட்டேன். இருந்தாலும் தொழில் தொழில்தானே. நாலு பக்கத்தை 'வாங்கப்பு, போங்கப்பு' என்று மாற்றி மோனிஷாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் குரல் இறங்கிவிட்டது. மூன்றாம் பக்கத்தை எடுக்கவில்லை, என் மனம் நோகாமல் சொல்ல வார்த்தை தேடினாள். "நல்லா கீதுக்கா. ஆனா நான் வூட்ல போயி இப்டிப் பேசினேன்னா, எங்கம்மா ஒண்ணும் கேக்காது, நேரா இட்டுகினு போயி மந்திரிச்சி வுட்டுடும்."

கிருத்திகையன்று வந்த கிளையன்ட்

ஊரை நேரில் பார்த்தால்தான் முடிவு செய்ய முடியும் என்று மேகனா மேடம் ஒரு நாள் கிளம்பி வந்துவிட்டார். முன்னதாகச் சொல்லியிருந்தால் நாங்கள் தடுத்திருப்போம், அன்று கிருத்திகை. கார் வழியில் கனகம்மாசத்திரத்திலேயே மாட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் காவடியும் மேளமும் மஞ்சள் துணியுமாகக் கூட்டம், எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். ஆண், பெண், குழந்தை, போலீஸ்காரர் ஒருவர் உட்பட. பாவா போனில், மோனிஷா மஞ்சள் சுடிதாரில் ஸ்டூடியோ வாசலில் நிற்கிறாள், பார்த்ததும் தெரிந்துகொள்வீர்கள் என்று வழி சொன்னார்.

நானும் பாவாவும் காருக்கு இடம் பிடிக்க ஓடிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், வாசலில் மேடம் மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். கதாபாத்திரத்தின் மனநிலை என்ன, எந்த எபிசோடில் அவள் உடைந்து அழுகிறாள், முடி விஷயத்தில் கம்பெனிக்கு என்ன சங்கடம், எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் புத்தம்புது மொட்டை, சாம்பிள் வீடியோவில் பார்த்த மாதிரியே. நிஜ மோனிஷா, தலையில் அரை விரல் முடியோடு, பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், நடுவில் பேசுவது மரியாதை இல்லை என்று சும்மா இருந்தாளாம். மேடம் அந்தப் பெண்ணிடம், நீ என்ன நினைக்கிறாய், மனசில் இருப்பதைச் சொல் என்று கேட்டார். அவள் கொஞ்சமும் பதறாமல் பதில் சொன்னாள். "நாங்கோ நகரியிலேர்ந்து வந்தவங்க மேடம், எங்க பஸ்ஸு பொறப்படப் போவுது. ஆனா நீங்க சொன்ன கதை நல்லா கீது, அந்தப் பொண்ணுக்கு முடி வெக்காதீங்க, அப்பால அவ எதுக்கு மலைக்கு வந்தான்னே தெரியாமப் பூடும்."

சரி என்று வந்தபோது

நகரிப் பெண்ணின் ஃபீட்பேக் மேடத்தைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. என்ன பேசினாரோ, யாரிடம் மல்லுக்கு நின்றாரோ, கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. ஷாம்பு கம்பெனி விலகிக்கொண்டது, பரவாயில்லை, மொட்டையே இருக்கட்டும், பேச்சும் உங்கள் ஊர்ப் பேச்சே இருக்கட்டும், ஷூட்டிங்குக்குத் தேதி குறிக்கலாம் என்று. நான் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். பாவா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேருமாகத் திரும்பிச் சிவப்பு சோபாவைப் பார்த்தோம். அதில் உட்கார்ந்திருந்த மோனிஷாவின் தலையில் நாலு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றது முடி. மாதக்கணக்கில் நாங்கள் திருத்திக்கொண்டிருந்தோம், அது வளர்ந்துகொண்டிருந்தது.

மறுபடி ஒரு மொட்டை போட்டுவிடலாமே என்று பாவா அலமேலுவிடம் நைசாகக் கேட்டார். வேண்டுதல் இல்லாமல் தலையில் கத்தி வைக்கிற வழக்கம் தங்களுக்கு இல்லை, அது நல்லதுக்கில்லை என்று அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பாவா விடவில்லை. அப்படியானால் இந்தத் தொடர் நல்லபடியாக வர வேண்டும் என்றே வேண்டிக்கொள்ளலாமே, அதுவும் வேண்டுதல்தானே என்று ஒரு வழி கண்டுபிடித்தார். அலமேலு மகளைப் பார்த்தார். மோனிஷா, முன்புறம் ஏற்கெனவே காலியாகிவிட்ட பாவாவின் தலையைக் கொஞ்ச நேரம் அளந்தாள். "தொடர் நல்லா வரணும்னு ஆசை உனுக்குத்தானண்ணா, நீயே வேண்டிகினு குடுத்துடு. கொஞ்சமா இருந்தாலும் சாமி ஒண்ணும் சொல்லாது."

ரிப்பன்

சிரித்தோம், ஆனால் சிரிப்பு வீடு வரைக்கும் வரவில்லை. மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். சென்னையில் ஒரு பெண் இருக்கிறாள், நடித்த அனுபவம் உண்டு, ரோலுக்காக மொட்டை போட்டுக்கொள்ளத் தயார், மோனிஷாவுக்கு வேண்டுமானால் பின்வரிசையில் உட்காரும் தோழியாக ஏதாவது பார்க்கலாம் என்றார். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் போனை வைத்துவிட்டு அழுதேன். நாங்கள் மொட்டையைக் காப்பாற்றப் போய் மோனிஷாவைத் தொலைத்துவிட்டோம். அதை அவளிடம் சொல்ல வேண்டியது நான்தான், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் மோனிஷாவே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கையில் இரண்டு சிவப்பு ரிப்பன். அவள் பள்ளியில் இரட்டை ஜடை போட்டு மடித்துக் கட்டி வர வேண்டும், அது சட்டம். மொட்டைக்கு விலக்கு உண்டு. வளர்கிற முடிக்கு யாரும் யோசிக்கவில்லை. புதிதாக வந்த டீச்சர், மொட்டையைப் பார்க்காதவர், ஃபேஷனுக்குக் கிராப் வெட்டிக்கொண்டாயா என்று வெளியே நிறுத்திவிட்டாராம். த்ரோபால் அணியில் பையன்களுக்கு எதிரில் பட்டப்பேர் வைத்துவிட்டார்களாம், அந்தப் பேரை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள். பேசிக்கொண்டே ஸ்டூடியோ கண்ணாடி முன் நின்று ரிப்பனைத் தலையில் நிறுத்தப் பார்த்தாள். கிளிப் குத்தினாள், வழுக்கியது. எண்ணெய் தடவினாள், அமுங்கின முடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. கோபத்தில் ஆரம்பித்தவள், பாதியில் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க ஆரம்பித்து, சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பாவா கேமராவை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மொட்டையாக இருந்தபோது இப்படியெல்லாம் யாரும் கேட்கவில்லையா என்றேன். ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னாள். "மொட்டையா இருக்கசொல்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலக்கா, சாமிக்குக் குடுத்ததுன்னு வுட்டுட்டாங்கோ. இப்ப நான் மொட்டையும் இல்ல, முடியும் இல்ல. இதுக்குத்தான் எங்க போனாலும் பதில் சொல்லிகினு நிக்கறேன்."

மேகனா மேடம் பார்த்த காட்சி

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கதையை ஆரம்பித்த இடமே தப்பு. எங்கள் ஊரில் மொட்டைக்கு யாரும் அதிர மாட்டார்கள் என்று டியூஷன் பிள்ளைகள் முகத்தில் அடித்தாற்போலக் காட்டியும், நான் மொட்டையையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். வேண்டுதல் முடிந்துவிட்டது, சாமி வாங்கிக்கொண்டார், அப்பா எழுந்து நடக்கிறார், எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் தினமும் அந்தத் தலையோடு பஸ் ஏறுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மறுநாள் காலையில் உட்கார்ந்து முதல் எபிசோடை எழுதி, பாவா பிடித்த கண்ணாடிக் காட்சியையும் சேர்த்து அனுப்பினேன். யாரும் கேட்காமல் நானே செய்த ஒரே திருத்தம் அது.

மேடம் வீடியோ காலில் எங்கள் முன்னாலேயே அதைப் பார்த்தார். மோனிஷாவும் அலமேலுவும் பின்னால் நின்றிருந்தார்கள். காட்சி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். பிறகு, எட்டாவது படிக்கும்போது தனக்கு அம்மை போட்டு முடி எல்லாம் கொட்டியதையும், ஒரு வருஷம் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனதையும் சொன்னார். எங்களிடம் சொல்வது போல இல்லை, தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்வது போல இருந்தது. வேறு பெண் வேண்டாம், இவளே நடிக்கட்டும், இந்த முடியோடு என்றார். பாவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். மோனிஷா மட்டும் குதிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "எக்கா, நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து எங்க டீச்சர் கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடு, இவ ரிப்பன் கட்டாம வர்றது கதைக்கோசரம்னு."

இன்றைய தேதி வரைக்கும் கடைசி

ஒப்பந்தம் ஆகிவிட்டது. அலமேலு ஷூட்டிங் பார்க்க மோனிஷாவின் சித்திமார் இரண்டு பேரை அழைத்திருக்கிறார். ஆனால் இன்று காலை மேகனா மேடம் மறுபடி கூப்பிட்டார், குரலில் அதே தேன். முடி வளர்கிற பெண்ணின் கதை என்று கேள்விப்பட்டு ஷாம்பு கம்பெனி ஓடோடி வந்துவிட்டதாம், வாராவாரம் கொஞ்சமாவது நீளம் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்களாம். ஷூட்டிங்கோ முன்னும் பின்னுமாக எடுப்பது, காலையில் பத்தாவது எபிசோட், மத்தியானம் முதல் எபிசோட், அதனால் முடி ஒரே அளவில் நின்றால்தான் தனக்கு வசதி என்றார். நான் காபியைக் கீழே வைத்தேன். "ஒரே ஒரு சின்ன விஷயம்தான் ஜெயந்தி. வளரணும்னு அவங்க சொல்றாங்க, வளரக் கூடாதுன்னு நான் சொல்றேன், நீங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மாதிரி எழுதிக் கொடுத்துடுங்களேன்."

ஆக நண்பர்களே, எங்கள் தொழிலில் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் தன் இஷ்டத்துக்கு வளர்கிற சுதந்திரம் மோனிஷாவின் தலைக்கு மட்டும்தான் உண்டு, அதை எழுதுகிற தலைக்குக் கிடையாது.